ஜோசுவா ஸ்லோக்கம்

ஜோசுவா ஸ்லோக்கம் (பிறப்பு: பெப்ரவரி 20, 1844) தனியொருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் ஆவார். நோவா ஸ்கோசியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இவர், தம் கையால் புதுப்பித்த ஸ்ப்ரே என்ற சிறு படகில் 1895 ஏப்ரல் முதல் 1898 ஜூன் வரை ஏறத்தாழ 46,000 மைல் தொலைவு பயணம் செய்தார். இப்பயணத்தைப் பற்றி இவர் எழுதிய நூல் 1900 ஆம் ஆண்டில் வெளியானது. அது கடற்பயண இலக்கியத்தின் முதன்மையான நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

ஸ்லோக்கம் ஆழ்கடலைக் கடந்தவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவர் வாழ்வில் நேர்ந்த பேரிடர்களுட் பல, கரையை ஒட்டிய நீர்ப்பரப்பிலேயே நேர்ந்தன. இவர் தலைமையேற்ற கப்பல்களுள் இரண்டு கரையோரத்தில் தரைதட்டி அழிந்தன. உலகப் பயணத்திலும் ஸ்ப்ரே படகு மிகக் கடுமையான சோதனைகளைத் தென் அமெரிக்கக் கரையோரங்களில் சந்தித்தது.

இளமைக் காலம்

ஸ்லோக்கம் அன்று பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த நோவா ஸ்கோசியாவில், அன்னபொலிஸ் கவுண்டியைச் சேர்ந்த மவுண்ட் ஹான்லி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோரின் பதினொரு பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். இவருக்கு எட்டு வயதளவில் குடும்பம் ஃபண்டி விரிகுடாவின் வாயிலில் உள்ள பிரையர் தீவுக்குக் குடிபெயர்ந்தது. தாய்வழிப் பாட்டனார் அத்தீவின் கலங்கரை விளக்கக் காவலராக இருந்தவர். தந்தையார் மீனவர்களுக்குக் காலணி தைக்கும் பட்டறை நடத்தினார். ஃபண்டி விரிகுடா உலகிலேயே மிக உயரமான ஓதங்கள் எழும் இடமாகும். வேகமான நீரோட்டமும் எதிர்க்காற்றும் மோதும்போது அங்கு அலைகள் செங்குத்தாக எழும். இக்கரையில் வளர்ந்த சிறுவன் தோல் பட்டறையை வெறுத்துக் கடலையே நாடினான்.

கண்டிப்பு மிகுந்த தந்தையிடமிருந்து பலமுறை ஓடிப்போன ஸ்லோக்கம், 14 ஆவது வயதில் ஒரு மீன்பிடிப் படகில் சமையற்காரராகச் சேர்ந்து சில நாட்களில் வீடு திரும்பினார். 1860 இல் தாயார் இறந்தபின், 16 ஆவது வயதில் நிரந்தரமாக வீட்டைவிட்டு வெளியேறி, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வணிகக் கப்பலொன்றில் மாலுமியாகச் சேர்ந்தார். டப்ளின், லிவர்பூல் வழியாகச் சீனக் கடல் வரை சென்றார். 18 ஆவது வயதில் பிரித்தானிய வணிக வாரியத்தின் இரண்டாம் நிலை அதிகாரிக்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறி அமெரிக்கக் குடிமகனானார்.

வணிகக் கப்பல் தலைவர்

ஸ்லோக்கம் 1869 அளவில் முதன்முதலாக ஒரு கரையோரக் கப்பலுக்குத் தலைவரானார். அதன்பின் வாஷிங்டன் என்ற கப்பலின் தலைவராக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, சிட்னியில் வெர்ஜினியா வாக்கர் என்பவரைச் சந்தித்து, ஜனவரி 31, 1871 இல் மணந்தார். அங்கிருந்து கணவனும் மனைவியும் அலாஸ்காவுக்குச் சென்றனர். அங்கு வீசிய கடும்புயலில் நங்கூரம் பிடிப்பு இழந்து இழுபட்டதால் கப்பல் கரையில் ஏறி அழிந்தது. எனினும் ஸ்லோக்கம் தம் மனைவியையும் மாலுமிகள் அனைவரையும் சரக்கின் பெரும்பகுதியையும் திறந்த படகுகளில் ஏற்றிப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்த்தார். இதனால் உரிமையாளர்களின் நம்பிக்கை குறையாமல், அவருக்கு வேறு கப்பல்கள் கிடைத்தன.

இத்தம்பதியருக்குப் பிறந்த ஏழு குழந்தைகளும் கடலிலோ வெளிநாட்டுத் துறைமுகங்களிலோ பிறந்தவர்கள். அவர்களுள் நால்வரே உயிர் பிழைத்தனர். 1880களின் தொடக்கத்தில் ஸ்லோக்கம் நார்தர்ன் லைட் என்ற பெரிய பாய்க்கப்பலின் தலைவராகவும் பங்குதாரராகவும் உயர்ந்தார். ஆனால் அக்கப்பலில் மாலுமிகளின் கலகம் நிகழ்ந்தது. கப்பல் அதிகாரி ஒருவரைக் கொடுமையாகச் சிறைவைத்ததாக நியூயார்க்கில் நடந்த வழக்கில் இவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது.

1884 இல் ஸ்லோக்கம் அக்விட்னெக் என்ற சிறிய கப்பலை வாங்கினார். அவ்வாண்டு ஜூலை 25 இல் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் வெர்ஜினியா தமது 34 ஆவது வயதில் காலமானார். 1886 இல் ஸ்லோக்கம் தம் உறவினரான ஹென்றியெட்டா எலியட் என்பவரை மணந்தார். 1887 இல் பிரேசிலில் நங்கூரமிட்டிருந்தபோது கப்பலில் தம்மைத் தாக்க வந்த மாலுமிகள் இருவரைச் சுட்டார். அவர்களுள் ஒருவர் இறந்தார். தற்காப்புக்காகவே சுட்டார் எனக் கொண்டு பிரேசில் நீதிமன்றம் இவரை விடுதலை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் பரனகுவா விரிகுடாவில் அக்விட்னெக் மணற்திட்டில் தரைதட்டி உடைந்தது. தம் சேமிப்பு முழுவதையும் ஸ்லோக்கம் இக்கப்பலோடு இழந்தார்.

லிபர்தாதே

அந்நியக் கரையில் மனைவியுடனும் இரு மகன்களுடனும் கைவிடப்பட்ட நிலையில் இருந்த ஸ்லோக்கம், உடைந்த கப்பலிலிருந்து எடுத்த பொருட்களையும் உள்ளூர் மரங்களையும் கொண்டு 35 அடி நீளமுள்ள ஒரு படகைக் கட்டினார். அதற்குச் சீனப் படகுகளில் உள்ளதைப் போன்ற மூங்கில் சட்டமிட்ட பாய்களைப் பொருத்தினார். அது நீரில் இறக்கப்பட்ட மே 13, 1888 அன்றுதான் பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனவே போர்த்துக்கீசிய மொழியில் விடுதலை எனப் பொருள்படும் லிபர்தாதே என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. குடும்பம் இப்படகில் ஏறத்தாழ 5,500 மைல் தொலைவு பயணம் செய்து, அக்டோபர் 1888 இல் தென் கரோலினாக் கரையை அடைந்தது. நாடு திரும்பியபின் ஹென்றியெட்டா நீண்ட கடற்பயணங்களை விரும்பவில்லை.

ஸ்ப்ரே படகு

ஸ்லோக்கம் நாடு திரும்பியபோது நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களின் இடத்தைப் பிடித்துவிட்டிருந்தன. நடுவயதைக் கடந்த ஒரு பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவராக இருந்த எபென் பியர்ஸ் என்ற நண்பர், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவன் ஊரில் தமக்குச் சொந்தமான ஒரு கப்பலைக் கொடுப்பதாகக் கூறினார். அங்கு சென்று பார்த்தபோது அது ஒரு வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, துணியால் மூடிவைக்கப்பட்டிருந்த பழைய சிப்பிப் படகாக இருந்தது. பெயர் ஸ்ப்ரே, அதாவது அலைத்திவலை.

ஸ்லோக்கம் அதனைப் பிரித்து அடிமரத்திலிருந்து மீண்டும் கட்டினார். அடிமரத்துக்காக அருகிலிருந்த ஓக் மரமொன்றை அவரே வெட்டினார். விலாச்சட்டங்களை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஜார்ஜியா பைன் பலகைகளைப் பொருத்தி, இடுக்குகளைக் கலப்பத்து அடித்தார். இப்பணி 13 மாதங்கள் நீடித்தது. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட் ஆகும்.

புதுப்பிக்கப்பட்ட படகின் அளவுகள்:

- முழு நீளம்: 36 அடி 9 அங்குலம் (ஏறத்தாழ 11.2 மீட்டர்)
- அகலம்: 14 அடி 2 அங்குலம் (4.3 மீட்டர்)
- உள் ஆழம்: 4 அடி 2 அங்குலம் (1.27 மீட்டர்)
- மொத்தக் கொள்ளளவு: 12.71 டன்

உலகப் பயணம்

புறப்பாடு

ஏப்ரல் 24, 1895 இல், 51 ஆவது வயதில், ஸ்லோக்கம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். தாம் வளர்ந்த பிரையர் தீவில் சில நாட்கள் தங்கினார். நோவா ஸ்கோசியாவின் யார்மத் துறையில் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். அதன் விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. பழுதுபார்க்கச் செலவு அதிகம் என்பதால் தமது துல்லியமான கப்பற்கடிகாரத்தை அவர் எடுத்துச் செல்லவில்லை.

அசோரஸ் தீவுகள் வழியாக ஆகஸ்ட் 4 இல் ஜிப்ரால்ட்டரை அடைந்தார். சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வதே அவர் முதலில் வகுத்த திட்டம். அவ்வழியிலுள்ள கடற்கொள்ளையர் பற்றிப் பிரித்தானியக் கடற்படை அதிகாரிகள் எச்சரித்ததால் திட்டத்தை மாற்றி, மேற்கு நோக்கித் திரும்பினார். மொரோக்கோக் கரைக்கு அப்பால் கொள்ளையர் படகு ஒன்று அவரைத் துரத்தியது. திடீரென வீசிய பெருங்காற்றில் அப்படகு பாய்மரத்தை இழந்தது. ஸ்ப்ரேயின் பாய்த்தண்டும் முறிந்தது. ஆயினும் அவர் முன்கூட்டியே பாயைச் சுருக்கியிருந்ததால் பாய்மரம் தப்பியது.

உருகுவே கரையில்

டிசம்பர் 1895 இல் உருகுவே கரையை மிக நெருங்கிச் சென்றபோது ஸ்ப்ரே இரவில் தரைதட்டியது. நிலவொளியில் கரையின் மணற்குன்றுகள் கடலலைகளைப் போலத் தோன்றியதே இதற்குக் காரணம். படகை மீட்க வேண்டுமாயின் நங்கூரத்தை ஆழ்நீருக்குக் கொண்டுசென்று இட்டு, அதன் கயிற்றை இழுத்துக் கலத்தை அசைக்க வேண்டும். ஸ்லோக்கம் நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றிச் சென்றார். கனம் தாங்காமல் நீர் நிறைந்துவந்த தோணியிலிருந்து அதனை வீசி எறிந்த உடனே தோணி கவிழ்ந்தது. அப்போதுதான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது அவர் நினைவுக்கு வந்தது. தோணியைப் பற்றிக்கொண்டு பலமுறை முயன்று அதை நிமிர்த்திக் கரை சேர்ந்தார். பின்னர் கரையிலிருந்தோர் உதவியுடன் படகு மீட்கப்பட்டது.

புவெனஸ் ஐரிஸில் பாய்மரத்தை ஏழு அடியும் முன்தண்டை ஏறத்தாழ ஐந்து அடியும் வெட்டிக் குறைத்தார். தெற்கில் வீசும் கடுங்காற்றுக்குப் பெரிய பாய் பயன்படாது என்பதை அவர் அறிந்திருந்தார். பத்தகோனியாக் கரைக்கு அப்பால் பேரலை ஒன்று எழுந்து வருவதைக் கண்டபோது, பாய்களை இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்துப் பாய்மரத்தில் ஏறிக்கொண்டார். அலை படகை முழுதாக மூழ்கடித்துச் சென்றது. படகு மீண்டும் எழுந்தது.

மகெல்லன் நீரிணை

பெப்ரவரி 11, 1896 இல் கன்னியர் முனையைச் சுற்றி ஸ்ப்ரே மகெல்லன் நீரிணைக்குள் நுழைந்தது. நுழைந்தவுடனே தென்மேற்குப் புயல் 30 மணி நேரம் வீசியது. மும்முறை சுருக்கிய பெரும்பாயும் ஒரு முன்பாயும் மட்டுமே விரித்து அவர் முன்னேறினார்.

நீரிணையின் இருபுறமும் பனி மூடிய மலைகள் உள்ளன. உயரத்தில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளின் வழியே திடீரெனக் கீழே பாய்கிறது. மாலுமிகள் இதனை வில்லிவா என்பர். இது எத்திசையிலிருந்து எப்போது வரும் என்று கூற இயலாது. பாயே விரிக்காத கப்பலைக்கூடப் பக்கவாட்டில் சாய்க்கும் வலிமை கொண்டது. ஆழ்கடல் புயலில் காற்றின் போக்கில் ஓட இடமுண்டு. குறுகிய நீரிணையில் அவ்வாறு ஓடினால் சில நிமிடங்களில் பாறையில் மோத நேரும்.

புந்தா அரீனஸ் துறைமுகத்தில் சாம்பிளிச் என்ற கப்பல் தலைவர் இவருக்கு ஒரு பை நிறையக் கம்பள ஆணிகளைக் கொடுத்தார். இரவில் உறங்கும்போது அவற்றைத் தளத்தின்மீது தூவிவைக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. பின்னர் ஓரிரவில் படகில் ஏறிய அப்பகுதிப் பழங்குடியினர் ஆணிகளை மிதித்து அலறி ஓடியதாக ஸ்லோக்கம் எழுதியுள்ளார். இவருடைய நூல் அம்மக்களைக் காட்டுமிராண்டிகளாகவே சித்தரிக்கிறது. அக்காலத்தில் குடியேறியவர்களின் வன்முறையாலும் அவர்கள் கொண்டுவந்த நோய்களாலும் தியெரா டெல் ஃபுவேகோப் பழங்குடியினர் அழிந்துகொண்டிருந்தனர் என்பதை இங்கு கருத்திற் கொள்ள வேண்டும்.

மார்ச் 3 இல் ஸ்ப்ரே பசிபிக் பெருங்கடலை அடைந்தது. மறுநாளே வடமேற்குப் புயல் வீசத் தொடங்கியது. பெரும்பாய் கந்தலாகியது. ஸ்லோக்கம் சுக்கானை நடுநிலையில் கட்டி, இரு நீண்ட கயிறுகளைப் பின்புறம் நீரில் இழுபடவிட்டு, காற்றின் போக்கில் தென்கிழக்கே ஓடினார். பின்னால் இழுபடும் கயிறு படகின் வேகத்தைக் குறைத்து, அது அலையின் குறுக்கே திரும்பாமல் காக்கும். நான்காம் நாளில் ஹார்ன் முனைப் பக்கம் வந்துவிட்டதாக எண்ணி நிலத்தை நோக்கித் திருப்பினார். இருள் சூழ்ந்தபின் நாற்புறமும் பாறைகளில் அலை உடையும் ஓசை கேட்டது.

அவர் வந்து சேர்ந்திருந்த இடம் காக்பர்ன் கால்வாயின் வாயிலில் உள்ள, பால்வழி எனப் பெயர் பெற்ற பாறைக் கூட்டம். பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் இக்காட்சியைத் தம் நூலில் வருணித்துள்ளார். ஒளியற்ற அவ்விரவில் வெண்ணுரை தெரியும் பக்கமெல்லாம் விலகி, திரும்பித் திரும்பிப் படகைச் செலுத்தி விடியும்வரை ஸ்லோக்கம் தப்பியிருந்தார். தம் கடல் வாழ்வின் மிகப் பெரிய சோதனையாக அவர் கருதியது இவ்விரவையே.

காக்பர்ன் கால்வாய் வழியாக அவர் மீண்டும் நீரிணைக்குள் வந்தார். கிழிந்த பாய்களைத் தைத்தார். பின்பக்கத்தில் ஒரு சிறு பாய்மரத்தையும் சேர்த்தார். அங்கோஸ்தோ துறையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் எதிர்க்காற்று அவரைத் திருப்பி அனுப்பியது. ஏழாவது முறையாக ஏப்ரல் 13, 1896 இல் நங்கூரம் தூக்கியபோதுதான் அவர் பசிபிக்கை அடைந்தார். நீரிணையில் நுழைந்து அதுவரை இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன.

பசிபிக், இந்தியப் பெருங்கடல்கள்

யுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து புறப்பட்டபின் 72 நாட்கள் எத்துறைமுகத்தையும் தொடாமல் சமோவாவை அடைந்தார். அங்கு எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் மனைவியார் இவரை வரவேற்றார். ஸ்டீவன்சன் அதற்கு முன்பே 1894 இல் காலமாகியிருந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பல மாதங்கள் தங்கி, டோரஸ் நீரிணையின் வியாழன் தீவு வழியாகக் கீலிங் தீவுகளுக்குச் சென்றார். 2,700 மைல் கொண்ட இக்கட்டத்தில் 23 நாட்களில் அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கும் குறைவு. நீரிணையில் இரவு பகலாகக் கைவிடாமல் செலுத்த வேண்டியிருந்த அதே படகு, ஒரே சீராக வீசும் வணிகக் காற்றில் தானே சென்றது.

தென்னாப்பிரிக்காவில் குடியரசுத் தலைவர் பவுல் குரூகரைச் சந்தித்தார். உலகம் தட்டையானது என நம்பிய குரூகர், உலகைச் சுற்றிவருகிறார் என்ற பேச்சையே ஏற்கவில்லை. அத்திலாந்திக்கில் படகில் ஏற்றப்பட்ட ஆடு ஒன்று மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. மே 8, 1898 இல், தாம் முன்னர் சென்ற பாதையைப் படகு வெட்டிக் கடந்தபோது உலகச் சுற்று நிறைவுற்றது.

திரும்புதல்

அப்போது அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்தது. ஜூன் 25 இல் நியூயார்க்கை நெருங்கியபோது கடுஞ்சூறாவளி ஒன்று ஸ்ப்ரேயைத் தாக்கியது. பாய்களை இறக்கி அதைச் சமாளித்த ஸ்லோக்கம், நியூபோர்ட் துறைமுகத்துக்குத் திரும்பினார். போரை முன்னிட்டு அத்துறைமுகத்தின் வாயிலில் கண்ணிவெடிகள் இடப்பட்டிருந்தன. ஆழமற்ற நீரில் செல்லக்கூடிய தம் படகைப் பாறைகளை ஒட்டிய வழியே செலுத்தி, ஜூன் 27, 1898 அதிகாலை ஒரு மணிக்கு நங்கூரமிட்டார். பெரிய கப்பல்கள் அஞ்சும் கரையோரம் இறுதியில் இச்சிறு படகுக்குப் பாதுகாப்பான வழியாயிற்று.

பயண நிரல்

- ஏப்ரல் 24, 1895: பாஸ்டன்
- ஆகஸ்ட் 4, 1895: ஜிப்ரால்ட்டர்
- அக்டோபர் 5, 1895: பெர்னாம்புகோ
- பெப்ரவரி 11, 1896: மகெல்லன் நீரிணை நுழைவு
- ஏப்ரல் 13, 1896: நீரிணையிலிருந்து இறுதிப் புறப்பாடு
- ஜூலை 16, 1896: சமோவா
- ஜூலை 17, 1897: கீலிங் தீவுகள்
- நவம்பர் 17, 1897: டர்பன்
- ஜூன் 27, 1898: நியூபோர்ட்

படகைச் செலுத்திய முறை

பாய்களில் காற்றின் விசை ஒருமித்துச் செயற்படும் புள்ளியும், நீருக்கடியில் உடற்பகுதி பக்கவாட்டில் எதிர்ப்பை ஒருமித்துத் தரும் புள்ளியும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்தால், படகு தானாகவே நேர்வழியில் செல்லும். ஸ்ப்ரேயின் நீண்ட அடிமரமும் தாழ்ந்த பாய் அமைப்பும் இப்பொருத்தத்தைத் தந்தன. ஸ்லோக்கம் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு உறங்கவோ படிக்கவோ செய்தார். 1909 இல் சிப்ரியானோ ஆண்ட்ரேட் என்ற பொறியாளர் படகின் அளவுகளை ஆராய்ந்து இச்சமநிலையைப் பாராட்டினார்.

கடுங்காற்றில் ஸ்லோக்கம் கையாண்ட வழிமுறைகள் மூன்று. காற்று வலுக்கும் முன்னரே பாயைச் சுருக்குதல் முதலாவது. இடம் இருக்கும்போது காற்றின் போக்கில் ஓடுதல், அல்லது முன்பகுதியை அலைக்கு நேரே நிறுத்திக் காத்திருத்தல் இரண்டாவது. கரையில் நல்ல ஒதுக்கிடம் கிடைத்தால் காற்று மாறும்வரை பொறுத்திருத்தல் மூன்றாவது.

படகின் வடிவில் குறையும் இருந்தது. அதன் அடிப்பாரம் உள்ளே இடப்பட்ட சிமெண்டுக் கலவையாகும். அடிமரத்தின் வெளியே ஈயமோ இரும்போ இல்லை. அகலம் காரணமாகச் சிறு சாய்வுகளில் அது மிக உறுதியாக நின்றது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்தால் மீண்டும் நிமிர்வது கடினம் எனப் பின்னாளைய படகு வடிவமைப்பாளர்கள் சுட்டிக்காட்டினர்.

நூல்கள்

- லிபர்தாதேயின் பயணம் (1890)
- டெஸ்ட்ராயரின் பயணம் (1894)
- தனியே உலகைச் சுற்றிய கடற்பயணம் (1900)

மூன்றாவது நூல், வெளிவரும் முன் 1899 முதல் செஞ்சுரி இதழில் தொடராக வந்தது. பள்ளிக் கல்வி அதிகம் பெறாத ஸ்லோக்கமின் எளிய, நகைச்சுவை கலந்த நடை வாசகரைக் கவர்ந்தது.

பிற்கால வாழ்க்கை

1901 இல் பஃபலோ நகரக் கண்காட்சியில் ஸ்ப்ரே காட்சிக்கு வைக்கப்பட்டது. 1902 இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் ஸ்லோக்கம் ஒரு பண்ணை வாங்கினார். ஆயினும் நிலத்து வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. குளிர்காலங்களில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் படகோட்டிச் செல்வதை வழக்கமாகக் கொண்டார். 1906 இல் நியூ ஜெர்சியின் ரிவர்டன் ஊரில், படகைப் பார்க்க வந்த 12 வயதுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடாத அவர் 42 நாட்கள் சிறையில் இருந்தார்.

மறைவு

ஸ்லோக்கம் தம் இறுதிப் பயணமாக மார்த்தாஸ் வினியார்டிலிருந்து தென் திசை நோக்கித் தனியே புறப்பட்டார். அவரோ படகோ அதன்பின் காணப்படவில்லை. புறப்பட்ட நாள் நவம்பர் 14, 1909 என்று நீண்ட காலமாக எழுதப்பட்டு வந்துள்ளது. அது 1908 ஆம் ஆண்டாக இருக்க வேண்டும் என்று பின்னாளைய ஆய்வாளர் கூறுகின்றனர். இரவில் நீராவிக் கப்பலொன்று மோதியிருக்கலாம் என்பதும், பழமையடைந்த படகு புயலில் சிதைந்திருக்கலாம் என்பதும் பலர் கூறும் காரணங்கள். 1924 இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. கடலில் வாழ்நாளைக் கழித்த அவர் கடைசிவரை நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை.

தாக்கம்

ஸ்லோக்கமுக்குப் பின், 1921 முதல் 1925 வரை உலகைச் சுற்றிய ஹாரி பிட்ஜன் தனியொருவராக அதனைச் செய்த இரண்டாமவர் ஆனார். ஸ்ப்ரேயைப் பின்பற்றிப் பல நாடுகளில் படகுகள் கட்டப்பட்டன. பிரையர் தீவில் ஸ்லோக்கமுக்கு நினைவுச்சின்னம் உள்ளது. மோட்டார் உந்துவிசையின்றி, மிதப்புத்தன்மையை மாற்றிக் கடலில் தானே செல்லும் ஆய்வுக் கருவி ஒன்றுக்கும் இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வகைக் கருவிகளுள் ஒன்று 2009 இல் ஆளில்லாமல் அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது.